அவுன்ஸம்மா

ஷரபுன்னிசா என்று கேட்டால் அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவுன்ஸம்மா என்று கேட்டால் வாசலில் சோடா விற்பவர்கூட மாடிப்படியைக் காட்டுவார். மன்னார்புரம் பக்கம் இருந்த தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே ஆண்கள் வார்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவர். நாற்பது வயது, பாலக்கரையில் வீடு, காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் ஏலம் விடுகிற குரல். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் வணக்கமெல்லாம் கிடையாது.

"மூணாம் நம்பர், நேத்து எத்தனை அவுன்ஸ் போனீங்க?"

ஊரையே அதட்டி வைத்திருந்த மிராசுதார்கள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார்கள்.

1961 சித்திரையில் எங்கள் மாமா பிச்சைமுத்து அங்கே போய்ப் படுத்தார். இதயம் பலவீனப்பட்டு உடம்பெங்கும் நீர் கோத்துவிட்டது. கால் இரண்டும் உரல், வயிறு பானை. மண்ணச்சநல்லூரை ஒட்டிய எங்கள் ஊரில் முதலில் யாரும் கவலைப்படவில்லை; மாமா சதை போட்டுவிட்டார் என்று மெச்சினார்கள். மூச்சு வாங்கி, உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்த பிறகுதான் வண்டி கட்டினார்கள். எங்கள் வம்சத்தில் பி.ஏ. தேறியவன் நான் ஒருவன்தான். அதனால் டாக்டரிடம் பேச என்னை அனுப்பினார்கள். நான் படித்தது பொருளாதாரம். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் நாளே ஷரபுன்னிசா மாமாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பிசைந்த மாவில் பதிந்தது போலக் குழி விழுந்தது, மூடவே இல்லை.

"இந்தக் குழி மூடுறதுக்குள்ள ஒரு பீடி குடிச்சு முடிச்சிடலாம். இது சதை இல்லீங்க பெரியவரே, தண்ணி. இனிமே நாளைக்கு மூணு டம்ளர்தான். மோரு, கஞ்சி, இளநீ எல்லாம் அந்த மூணுலயே சேத்தி. உப்பு கிடையாது."

"அதுக்கு என்னைக் காவேரியில தள்ளிடலாமே?"

"காவேரியே உங்க வயித்துக்குள்ளதானே இருக்கு. வேற ஆத்துக்கு நான் எங்க போவேன்?"

அதட்டல் வாயோடு சரி. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது எலுமிச்சைத் துண்டை நாக்கில் தடவுவார். ஈரத் துணியால் உதட்டை நனைப்பார். முதுகு புண்ணாகாமல் துடைத்துப் பவுடர் போட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைப்பார். தினமும் எடை பார்த்து, வயிற்றைச் சுற்றி டேப்பு பிடிப்பார். சிறுநீர் முழுவதும் கண்ணாடி ஜாடியில் சேர வேண்டும். சாயங்காலம் அளந்து கட்டில் காலில் தொங்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். ஜாடியில் பதினெட்டு அவுன்ஸ்தான்.

"நீர் எறங்க ஊசி போட்டிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள ஐம்பது அவுன்ஸுக்கு மேல போனா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா வயித்துல ஊசி ஏத்தித் தண்ணியை வடிச்சிடுவோம்."

என் அத்தை பொன்னுத்தாய்க்கு முகம் செத்துவிட்டது. மாமாவுக்குத் துணையாகக் கட்டிலடியில் படுத்துக்கிடந்தவள் அவள்தான். ஸ்ரீரங்கத்தில் முப்பது வருஷம் பால் ஊற்றியவள், எதற்கும் அசராதவள்.

"எங்க சின்ன மாமனாருக்கும் இப்படித்தான் ஓட்டை போட்டாங்கடா. மூணாம் நாள் பாடை கட்டுனோம்" என்று என் காதில் சொன்னாள்.

புதன்கிழமை ஜாடியில் முப்பத்தாறு அவுன்ஸ். வியாழன் நாற்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வருவதற்குள்ளேயே ஜாடி நிறைந்து, ஐம்பத்தாறு. நான் ஒரு தாளில் கட்டம் போட்டு வரைபடமே வரைந்தேன். கோடு அழகாக ஏறியது. டாக்டர் என் தோளைத் தட்டி, "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்றார். மாமாவோ ஒரு வாக்கியத்தை மூன்று தவணையாகத்தான் சொல்ல முடிந்தது.

டாக்டர் போனதும் ஷரபுன்னிசா என் தாளை வாங்கிப் பார்த்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் எடை மெஷின் ரிப்பேர். அன்று காலைதான் சரியாகி வந்திருந்தது.

"தம்பி, மூணு டம்ளர் உள்ள போயி ஆறு டம்ளர் வெளிய வந்தா ஆளு எளைக்கணுமா இல்லையா? இவரு மூணு ராத்தல் கூடியிருக்காரு. காலேஜ்ல இதுக்கு என்ன பேரு?"

நான் படித்ததில் அதற்குப் பெயர் இல்லை.

உள்ளே போனவர் ஒல்லியான ஒரு கண்ணாடிக் குழாயும், அதற்குள் மிதக்கவிடும் கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் குமிழும் கொண்டுவந்தார். அதைக் கண்டதும் அத்தை விருட்டென்று எழுந்துவிட்டாள். சித்திரை வீதியில் சுகாதார இன்ஸ்பெக்டர் பையிலிருந்து இதே மாதிரி ஒன்றை எடுக்கும்போதெல்லாம் பால் குடத்தோடு சந்துக்குள் ஓடியவளாயிற்றே.

"இது... பாலுக்குப் போடுறதாச்சே தாயி?"

"அது பாலுக்கு. இது இதுக்கு."

ஜாடியிலிருந்து கொஞ்சம் ஊற்றி மிதக்கவிட்டார். குமிழ் மிதக்கவா செய்தது? கழுத்துவரை முங்கியது.

"பச்சைத் தண்ணியிலதான் இப்படி முங்கும். எவ்வளவு ஊத்துனீங்க பெரியம்மா?"

அத்தைக்குத் தொழில் பழக்கம், கணக்கு வாயில் வந்துவிட்டது. "ஒண்ணுக்கு ரெண்டு. அக்ரகாரத்து மாமிங்களே கண்டுபுடிச்சதில்லையே, நீ கண்டுபுடிச்சிட்டியே!"

"அவங்க காப்பிப் பொடியைத் திட்டியிருப்பாங்க. எனக்குத் திட்டுறதுக்கு யாரு இருக்கா?"

வார்டே சிரித்தது. அத்தை மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஷரபுன்னிசா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊசிக்குப் பயந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க, சரி. தண்ணி நெஞ்சுக்கிட்ட வந்து நிக்குது. இன்னும் நாலு நாளு தாங்கினா அல்லா காரியம். வடிச்சா பொழைப்பாருன்னு நான் எழுதித் தர மாட்டேன். வடிக்கலேன்னா போயிடுவாருன்னு எழுதித் தரேன். வேணுமா?"

எழுதித் தர வேண்டாம், வடிச்சிடுங்க என்று அத்தை தலையாட்டினாள். ஷரபுன்னிசா அட்டையை எடுத்துத் தன் மூன்று கையெழுத்துகளையும் அடித்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தும் எங்களுக்குக் கேட்டது.

"மூணு நாளா என்னத்தை அளந்தீங்க சிஸ்டர்?"

"தண்ணியை, டாக்டர்."

அன்று மத்தியானமே வடித்தார்கள். டாக்டர் ஊசியேற்றி ரப்பர் குழாயைச் செருகினார். ஷரபுன்னிசா ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயை இறுக்குவதும் விடுவதுமாக நின்றார். ஒரேயடியாக விட்டால் மயங்கிவிடுவாராம். வயிறு தளரத் தளரச் சுற்றியிருந்த துணியை இழுத்து இழுத்துக் கட்டினார். ஒன்றரை மணி நேரம். வாளியில் நூற்றறுபது அவுன்ஸ்.

மாமா கண்ணைத் திறந்து அத்தையைத் தேடினார். "ஏண்டி, முப்பது வருசமா மாட்டுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தே. இப்ப எனக்குமா?" என்றார், ஒரே மூச்சில்.

ஷரபுன்னிசாவுக்கு மெமோ வந்தது. மூன்று நாள் தப்பான அளவுக்குக் கையெழுத்திட்டதற்கு விளக்கம் வேண்டுமாம். நான் இங்கிலீஷில் எழுதித் தருவதாகச் சொன்னேன். அந்த ஒரு வேலையாவது எனக்கு வரும்.

"உங்க இங்கிலீஷ்ல நான் குத்தமே பண்ணலைன்னு வந்துடும் தம்பி. மெஷின் கெட்டா என்ன, அவரை மாவு மில்லு தராசுல நிறுத்துப் பாத்திருக்கலாம். நான் செய்யலையே."

தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதில் அத்தையின் பெயர் இல்லை. தண்டனையாகப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள்.

ஆறே வாரம். ஆண்கள் வார்டில் புது நர்ஸ் எழுதிய அட்டைகளைப் புரட்டிய டாக்டர் ஒரு அதிசயத்தைக் கண்டார்: பதினான்கு கிழவர்களும் தினமும், ஆளுக்குச் சரியாக நாற்பது அவுன்ஸ். மறுநாளே அவுன்ஸம்மா மாடியேறிப் பழைய வார்டுக்கே வந்துவிட்டார்.