கண்ணாடிக்குள் கசிந்த வெளிச்சம்

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், கூரைக்குக் கீழே ஓடும் கிரேனை ஓட்டுவது நான்தான். காலையில் ஏணி பிடித்து மேலே உள்ள கூண்டுக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். கீழே இருப்பவர் கை காட்டுவார், நான் தூக்குவேன், இறக்குவேன். பேச்சே தேவையில்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூண்டில்தான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் கொக்கியில் இரும்பு அச்சு தொங்கும்போது தலையைச் சட்டென்று திருப்பினேன். கூண்டே சுழல்வதுபோல் தலை சுற்றியது. எப்படியோ பாரத்தைத் தரையில் வைத்துவிட்டேன். நான் தள்ளாடி இறங்குவதைப் பார்த்த ஃபோர்மேன் கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்.

"டாக்டர் கையெழுத்து வாங்கினு வந்தாதான் மேல ஏறணும் அண்ணாத்தே. இல்லாங்காட்டி பேக்கிங்ல போட்டுருவேன். அங்க பத்து பொம்பளைங்க கீறாங்கோ, ஒன்னிய பேச வெச்சே சாவடிப்பாங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

காது டாக்டர் என்னைப் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். காதுக்குள் பொடிப்பொடியான கற்கள் இடம் மாறிவிட்டனவாம். சுற்றல் நின்றது. ஆனால் கையெழுத்துப் போடவில்லை. உயரத்தில் வேலை செய்கிறவனுக்கு இரண்டு காதிலும் பேலன்ஸ் நரம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று, பூந்தமல்லியில் ஒரு டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

என் மனைவியும் வந்தாள். "டெஸ்ட் எடுக்குற பொண்ணு இன்னா கேட்டாலும் பதில் சொல்லுயா. ஊமையாட்டம் படுத்துகினு கெடக்காத" என்று சொல்லி வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

டெஸ்ட் எடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். என்னைச் சாய்வாகப் படுக்கவைத்து, கண்ணை மூடும் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டினாள். உள்ளே கும்மிருட்டு. அதில் உள்ள கேமரா என் கண் அசைவதைப் படம் பிடிக்குமாம்.

"காதுல வெதுவெதுப்பா தண்ணி வுடுவேண்ணா. கண்ண மூடாதீங்க. ரயில்வே ஸ்டேஷன் பேரா சொல்லிக்கினே இருங்க, அப்பதான் மூள முழிச்சிருக்கும்."

வலது காதில் தண்ணீர் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கட்டிலோடு சேர்த்து என்னை யாரோ சுழற்றியதுபோல் இருந்தது. "ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல்..." அதற்கு மேல் வாய் வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போச்சு, தலை சுற்றிவிட்டது, ஃபெயில் என்று நினைத்தேன்.

இடது காதுக்குத் தயாராகும்போது கண்ணாடியை ஒருமுறை தூக்கி மாட்டினாள். மூக்கோரமாக ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தது. தண்ணீர் விட்டதும் சுற்றல் கிளம்பியது. நான் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டேன். கூண்டில் பாரம் ஆடினால் கொக்கியை மட்டும் பார்ப்பது என் பழக்கம். கண் நின்றால் எல்லாம் நிற்கும். சுற்றல் அப்படியே அடங்கிப் போனது. வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "லெஃப்ட் காதுல தண்ணி வுட்டும் கண்ணு ஆடலண்ணா, ஒண்ணுமே வர்ல. நரம்பு வேல செய்யலியோ என்னமோ. ஐஸ் தண்ணி வுட்டுப் பாக்கணும். அதுக்கும் வர்லன்னா டாக்டர் மேல ஏற வுட மாட்டாரு."

அந்தப் புள்ளியைப் பார்த்ததால்தான் ஒன்றும் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவள் பக்கத்து அறைக்குப் போய் ஐஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் திருட்டுத்தனம் வெளியே வரும். திறக்காவிட்டால் கூண்டு போய்விடும். அவள் வந்து காதருகே குனிந்தாள்.

"ஒரு நிமிஷம்மா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "மூக்காண்ட வெளிச்சம் வந்துச்சு. அதையே பாத்துகினு இருந்தேன்."

"ஏண்ணா?"

"சுத்தாம இருந்தா பாஸுன்னு நெனச்சேன்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அய்யோ! சுத்தணும்ணா. சுத்துனாதான் காது உயிரோட இருக்குன்னு அர்த்தம். மொதல்லயே கேட்டிருக்கலாமே?"

மூக்கோரம் பஞ்சு வைத்து அடைத்தாள். காது ஆறும்வரை காத்திருந்தோம். சுற்றல் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதே நினைப்பு. மறுபடி அதே வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. "பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம்!" என்று கத்தினேன். கடைசியில் பேசினுக்குள் வாந்தியும் எடுத்தேன்.

சத்தம் கேட்டு உள்ளே வந்த மனைவி திகைத்து நின்றாள். "இன்னாயா, வாந்தி எடுத்துகினே சிரிக்கிற?"

டாக்டர் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் தலை கிறுகிறுத்தாலும் உடனே இறங்கிச் சொல்ல வேண்டும் என்று கறாராகச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, லேசாக ஒரு சுற்றல். கொக்கியைப் பார்த்தே சமாளித்திருப்பேன். ஆனால் பாரத்தை வைத்துவிட்டு, மணி அடித்து, ஏணியில் இறங்கினேன். பேக்கிங் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தலை சுத்துது" என்று ஃபோர்மேனிடம் சத்தமாகவே சொன்னேன்.

அவர் என் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார். "போய் ஒக்காரு. மத்தியானமா டாக்டராண்ட போய்ட்டு வா" என்றார். சாவியைக் கேட்கவில்லை.