பச்சை முட்டையும் ஒரு பாயிண்டும்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு தடவை பேனாவைத் திறந்து மூடியும் வைத்துவிட்டேன். நினைத்தாலே தொண்டையில் அந்த முட்டை வழவழவென்று இறங்குகிறது. ஆனால் ஸ்குவாஷ் ஆடுகிற பையன்கள் ஆட்டத்துக்கு முன்னால் கண்டதையும் குடிப்பதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இதைப் படித்தால் நான் பொறுப்பில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பூனா கேம்ப் பக்கம் ஒரு கிளப்பில் தற்காலிக மார்க்கராக இருந்தேன். மெம்பர்களோடு ஆடிக்கொடுப்பது, பாயிண்ட் சொல்வது, அவர்கள் போனபிறகு தரையைத் துடைப்பது, இதுதான் மார்க்கர் வேலை. பத்தாவது பெயிலானவனுக்கு ஏ.சி. ரூமிலா நாற்காலி போடுவார்கள்?

ஸ்குவாஷ் கோர்ட் என்பது நாலு சுவர் வைத்து மூடிய பெட்டி. உள்ளே வந்த நாற்றம் வெளியே போகாது. ஔந்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் மெம்பர் ஒருவர் ஊறவைத்த பாதாமை மென்றுகொண்டே பேசுவார். தோல் பறந்து வந்து என் சட்டையில் ஒட்டும். இன்னொருவர் வியர்வை சொட்டும் ரிஸ்ட் பேண்டை கேலரிக் கம்பியில் தொங்கவிட்டுப் போய், மறுநாள் அதையே மாட்டிக்கொள்வார். "சார், இன்னும் ரெண்டு நாள் விட்டீங்கன்னா அதுவே இறங்கி வந்து ஆடும்" என்று இந்தியில் சொல்வேன். சிரிப்பார். துவைக்க மாட்டார்.

ஒருநாள் கிளப் செயலாளர் எங்களைக் கூப்பிட்டார். தற்காலிக மார்க்கர்கள் இரண்டு பேர்: நானும், சாத்தாராப் பக்கத்து மராட்டிப் பையன் ஒருவனும். நிரந்தர வேலை ஒருவனுக்குத்தான். இரண்டு வாரம் கழித்து இருவரும் ஆட வேண்டும், ஜெயித்தவனுக்கு வேலை என்றார். வேலையோடு கிளப்புக்குப் பின்னால் ஒரு அறையும் உண்டு. அப்பா கட்கி ராணுவத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆகப்போகிற நேரம். குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் எங்கே போவது என்று வீட்டில் தினமும் பேச்சு. அந்த அறை எனக்கு வேண்டும்.

அந்த மராட்டிப் பையனை நான் கொக்கு என்று கூப்பிடுவேன். கால் மட்டும்தான் இருக்கும். அவனை ஊதித் தள்ள உடம்பு ஏற்ற வேண்டும் என்று என் கூட்டாளியிடம் போனேன். எங்களைப் போலவே அவனும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பூனா வந்த குடும்பம்தான். போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுவான், சாயங்காலம் தாலீமில், அதாவது குஸ்திக் கூடத்தில், செம்மண்ணில் புரளுவான்.

"இன்னாடா இது, துடப்பக்குச்சிக்கு டவுசர் மாட்ன மாதிரி? முட்டை குடி."

"அவிச்சுத் தின்னா ஆவாதா?"

"அவிச்சா சத்து பூடும். பச்சையா ஆறு, எருமைப்பால்ல அடிச்சு, மேல ஒரு கரண்டி நெய். எங்க பயில்வானுங்க அதான் குடிக்கிறானுங்க."

"உங்காளு ஒருத்தன் மேல ஒருத்தன் படுத்துக் கெடப்பான். நான் ஓடணும்டா."

"ஓடறதுக்கு மட்டும் காத்து போதுமா? குடிடா."

குடித்தேன். மஞ்சள் கரு உடையாமல் அப்படியே உள்ளே போகும். நெய் உதட்டில் உறைந்து நிற்கும். முதல் நாளே அம்மா டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத் தூரப் போட்டார்.

"கருமம், இன்னாடா இது, செத்த எலி மாதிரி நாறுது? இனிமே உனக்குத் தனி டம்ளர். அத்தயும் வெளில கழுவு."

அதோடு தினமும் முந்நூறு பைட்டக், அதாவது தோப்புக்கரணத்துக்குப் பெரியப்பா. தொடை உரல் மாதிரி ஆனது. முன்சுவர் பந்துக்குக் குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். ஏப்பம் விட்டால் மெம்பர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். அதையும் பலம் என்றே நினைத்தேன்.

ஆட்டம் காலை பத்து மணிக்கு. கொக்கு எட்டு மணிக்கே ஒரு தட்டு அவல் தின்றுவிட்டு, கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். "வெறும் அவல்தானா பாவம், மீன் எதுவும் கிடைக்கலியா?" என்று சீண்டினேன். அவன் வயிற்றைத் தட்டி "ஹல்கா" என்றான். லேசாக இருக்கிறதாம். நான் ஒன்பதரை மணிக்கு, பெரிய நாளாயிற்றே என்று, ஆறுக்குப் பதில் எட்டு முட்டை குடித்தேன்.

ஐந்து கேமில் மூன்று எடுத்தால் ஜெயம், கேமுக்கு ஒன்பது பாயிண்ட். முதல் இரண்டு கேமை வேகமாக அடித்து வாங்கிவிட்டேன். மூன்றாவதில் அவன் பந்தை மூலைக்கு மூலை போட்டு ஓடவிட்டான். மூலைக்கு ஒரு முட்டை ஏப்பம் விட்டேன். அந்த கேம் போனது. நான்காவதில் எப்படியோ எட்டுக்கு ஆறு என்று முன்னால் வந்தேன். இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் வேலை, அறை, எல்லாம்.

சர்வீஸ் போட ராக்கெட்டைத் தூக்கினேன். வாய் நிறைய வந்துவிட்டது.

எங்களுக்கெல்லாம் தெரிந்த விதி அது: கோர்ட்டில் வாந்தி எடுத்தால் ஆட்டம் எதிராளிக்கு. இதே விதியைச் சொல்லி எத்தனை மெம்பர்களைக் கிண்டல் செய்திருப்பேன்! உதட்டை இறுக்கி மூடினேன். கண்ணில் நீர். அப்படியே விழுங்கினேன். ஆமாம், விழுங்கினேன். போனதைவிட வந்தது சூடாக இருந்தது, புளித்திருந்தது, நெய் திப்பித் திப்பியாக நாக்கில் ஒட்டியது.

"டீக் ஹை க்யா?" என்றான் கொக்கு. சரியாகத்தான் இருக்கிறேன் என்று தலையாட்டினேன். வாயைத் திறக்க முடியாதே.

தலையாட்டியதுதான் தப்பு. இரண்டாவது அலை வந்தது. கதவை நோக்கி ஓடினேன். அவனே முந்தி வந்து கதவைத் திறந்துவிட்டான். மூன்று அடி குறைந்துவிட்டது. பலகைத் தரை, பின்சுவர், கொக்கின் வெள்ளை ஷூ, எங்கும் மஞ்சள். கேலரியில் பாதாம் மெம்பர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ரெஃபரியாக உட்கார்ந்திருந்த செயலாளர் விதிப் புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. கொக்கைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அவன் சந்தோஷப்படவும் இல்லை. வாளியும் துணியும் எடுத்து வந்தான். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். என் வயிற்றில் இருந்ததை இன்னொருவன் தொட்டால் அதைவிடக் கேவலம் இல்லை. பலகை இடுக்கில் போனதை ஆணியால் நோண்டி எடுத்தேன். மூன்று தடவை பினாயில் போட்டும் நாற்றம் போகவில்லை.

அங்கிருந்தே பஸ் பிடித்து போசரிக்குப் போனேன். கூட்டாளி பட்டறை கேட்டுக்கு வெளியே வடாபாவ் தின்றுகொண்டிருந்தான்.

"உன் முட்டையால என் வேலை போச்சுடா! ரூம் போச்சு! எங்கப்பன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" என்று கத்தினேன்.

மென்றதை நிதானமாக விழுங்கிவிட்டு அவன் சொன்னான்: "எங்க ஷாப்ல ஆள் எடுக்கறாங்க, நாளைக்கே வா, இங்க வாந்தி எடுத்தாலும் மெஷின் நிக்காது."