குழாயடியில் ஒரு பூவரசு

வரதராசன்பேட்டையில் ஆனி ரோஸிடம் மரக்கன்று வாங்க வருகிறவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "எந்த ஊரு மண்ணுங்க?" சொல்லாமல் கன்றில் கை வைத்தால் போச்சு. புளிப்பேறிய செம்மண் என்றால் மாஞ்சியம், தைலம், முந்திரி எடுத்துக் கொடுப்பாள். எல்லாம் அந்த மண்ணில் மளமளவென்று ஏறுகிற ஜாதி. சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊர் என்றால் புங்கன், பூவரசு, சவுண்டல். "கேட்டதக் குடும்மா, காசு குடுக்குறேன்ல" என்று முறுக்கிக்கொண்டவர்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு ராங்கிக்காரி.

அப்படிப்பட்டவள் வைத்த மரம், அவள் புருஷன் கல்லறையில் மட்டும் பிழைக்கவே இல்லை.

செபஸ்டின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். அங்கே வெயில் மேலிருந்தும் அடிக்கும், வெள்ளைத் தரையிலிருந்தும் அடிக்கும். வீட்டுக்கு வந்தால் வேப்பமரத்தடிக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் பேச்சே. நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கையைப் பிடித்து, "என்னைய வெயில்ல போட்டுடாத ரோசு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கல்லறைத் தோட்டமோ மொட்டை வெயில். மரம் வைத்தால் தண்ணீர் விடத் தோதாக இருக்கும் என்று, குழாயை ஒட்டி இடம் கேட்டு வாங்கி அடக்கம் செய்தாள். தலைமாட்டில் மாஞ்சியம் வைத்தாள். இலை மஞ்சளாக வெளிறி, கருகிச் செத்தது. சரி, நம் ஊர்ச் சரக்கையே வைப்போம் என்று முந்திரி வைத்தாள். தண்ணீர் கூடிப்போச்சோ, கரையானோ என்று என்னென்னவோ பார்த்தாள், அதுவும் செத்தது. முந்திரிக்காட்டு ஊரில் முந்திரி சாவதா! ஊரே மூக்கின் மேல் விரலை வைத்தது. பக்கத்து வீட்டு மதலேனம்மாள் ஒருபடி மேலே போய், "செபஸ்டினுக்கு உன் மேல என்ன கோவமோ" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆனி ரோஸ் வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சவரியார் மாமாவும் பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னும் ஒரு தடவ வச்சுப் பாரும்மா. அதுவும் போச்சுன்னா குழாயச் சுத்தி சிமெண்ட் தளம் போட்டுடுவோம். சேறு தாங்கல."

தளம் போட்டுவிட்டால் அங்கே பிறகு புல்கூட முளைக்காது. அடுத்து எதை வைப்பது என்று தெரியாமல் அவள் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஆலத்தியூரிலிருந்து சாமிதுரை என்ற விவசாயி கையில் ஓர் இலையோடு வந்தார். "வேற எடத்துல முந்திரி வாங்கி வச்சேன்க்கா. இந்தக் கூத்தப் பாருங்க." இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

"உங்க மண்ணுக்கு எவன் முந்திரி குடுத்தான்? சுண்ணாம்பு இருந்தா அதுக்குச் சத்து ஏறாதுங்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். இதே மஞ்சளைத்தான் புருஷன் தலைமாட்டில் பார்த்திருக்கிறாள்.

சாமிதுரையை அப்படியே நிற்க விட்டு, மண்வெட்டியும் எலுமிச்சம்பழமுமாகக் கல்லறைக்கு ஓடினாள். குழாயடிச் சேற்றை வழித்தாள். கீழே திட்டுத்திட்டாக வெள்ளை. பழத்தைப் பிழிந்தாள். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பேதான்.

இந்த ஊர்ச் செம்மண்ணில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? எங்கிருந்து வரும்! கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும். மிச்சச் சுண்ணாம்பைக் குழாயடியில்தான் கொட்டும், வாளியையும் அங்கேதான் கழுவும். அவளும் வருஷா வருஷம் கழுவியிருக்கிறாள். ஊரார் மண்ணையெல்லாம் விசாரித்தவள், புருஷன் படுத்திருக்கிற மண்ணை விசாரிக்கவில்லை.

"அட புத்தி கெட்டவளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவருக்குக் கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மழை பிடித்ததும் ஆள் உயரத்துக்குப் பூவரசம் போத்து ஒன்றை வெட்டிவந்து ஊன்றினாள்.

"கம்ப நட்டுட்டு மரம்ங்கிறியா?" என்றார் சவரியார்.

"பூவரச மரத்தச் சுண்ணாம்பு ஒண்ணும் பண்ணாது மாமா. பாத்துக்கிட்டே இருங்க."

துளிர்த்தது. கிளை விட்டது. சில வருஷம் போய், இந்தக் கல்லறைத் திருநாளுக்குக் குடையாகவே விரிந்துவிட்டது. ஊர் வழக்கம்போல வெள்ளையடித்துவிட்டுக் குழாயடியில் வாளி கழுவியது. அவள் யாரையும் தடுக்கவில்லை. இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதானே அந்த மரத்தை வைத்தாள்.

மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு திரும்பினால், சிமெண்ட் தளம் போடுவேன் என்ற சவரியார், செபஸ்டினின் தலைமாட்டை ஒட்டி நிழலில் காலை நீட்டி, துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"குளுகுளுன்னு இருக்கும்மா."

"நல்லா உக்காருங்க மாமா" என்றாள். "கொஞ்சம் தள்ளி மட்டும் உக்காருங்க. அது அவரு எடம்."