ஒனெஹுங்கா ஓட்டத்தில் ஓர் எலுமிச்சம்பழம்

ஒக்லாந்துக்குப் போய் வருகிறவர்கள் எரிமலை மேடுகளையும் துறைமுகப் பாலத்தையும் பற்றி எழுதுவார்கள். நானும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை. எண்பத்தாறாம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அங்கே பார்த்த கார் ஓட்டத்தைப் பற்றியும், அதில் நான் செய்த திருவேலையைப் பற்றியும் எழுதுகிறேன்.

பிற்பகல் மூன்றரை. ஒடாஹுஹுவில் அக்கா வீட்டிலிருந்து புறப்பட்டோம். அக்காவின் கணவர், என் அத்தான், அங்கே ஒரு கராஜில் மெக்கானிக். பிரேக் வேலை என்றால் அவரைத்தான் பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள். கராஜ் முதலாளி கொலின் என்ற வெள்ளைக்காரர், சனிக்கிழமைகளில் 'ஸ்டொக் கார்' ஓட்டுகிறவர். பழைய காரை உரித்து, இரும்புக் குழாய்ச் சட்டமும் தண்டவாளம் மாதிரி ஒரு பம்பரும் பூட்டி, கால் மைல் வட்டத்துக்குள் இருபது கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் விளையாட்டு அது. இடிப்பது அங்கே குற்றமில்லை. இடிக்காமல் ஓடுகிறவனைத்தான் சனம் கூக்காட்டுமாம். கொலினுக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. "இந்தமுறை நீ ஓட்டு" என்று காரை அத்தானிடம் கொடுத்துவிட்டார். காலையிலிருந்து அது அக்கா வீட்டு வளவில் ட்ரெயிலரிலேயே நின்றது, அதை இழுத்துக்கொண்டுதான் புறப்பட்டோம். அத்தானுக்கு நாற்பத்தொரு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். இந்த மனுஷனுக்கு இது தேவையா?

அக்கா வரவில்லை. "என்னாலை பாக்கேலாது, நீ கூடப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அத்தானின் நெற்றியில் திருநீறு பூசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வாகனத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும். மணந்துகொண்டு போகலாமென்று வளவில் நின்ற மரத்தில் ஓர் எலுமிச்சம்பழம், ஊர்ப் பேச்சில் தேசிக்காய், பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாலேகால். எட்டுக் கிலோமீட்டர் இருக்கும், பழத்தை வெளியே எடுக்கத் தேவைப்படவில்லை, ஒனெஹுங்காவைத் தாண்டிக் கடலோரம் வந்தோம். கடல் என்று சொல்ல அங்கே தண்ணீர் இல்லை. வற்றுநேரம். சாம்பல் நிறச் சேறு கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது, அதன்மேல் கறுப்புப் பறவைகள் அசையாமல் நின்றன. நுழைவுச்சீட்டு ஆறு டொலர். கொலின் முன்பே வந்து நின்றார். ட்ரெயிலரிலிருந்து காரை இறக்கினார்கள், இலக்கம் நாற்பத்தேழு. நான் சும்மா அந்தப் பக்கம் திரும்பினேன். ஓடுபாதையின் பின்வேலிக்கு அப்பால் சவக்காலை. சிலுவைகள் வேலிவரைக்கும் வந்து, ஓட்டம் பார்க்க இடம் பிடித்தவைபோல் வரிசையாக நின்றன.

அதிலே ஒரு புதுக்குழி. பசிபிக் தீவு ஆட்கள் ஒரு முப்பது பேர், அவர்களுடைய துக்க வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு, குழியைச் சுற்றி நின்று பாடினார்கள். நாலு குரலாகப் பிரிந்து, பிறகு ஒன்றாகி, தரைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது அந்தப் பாட்டு. எனக்குப் பிடரி மயிர் எழும்பிவிட்டது.

"அத்தான், இண்டைக்குச் சனிக்கிழமையல்லோ" என்றேன்.

அத்தான் சிரித்தார். "உனக்கென்னடா நடந்தது? இதெல்லாம் சும்மா புலுடா எண்டு அக்காவோடை மல்லுக்கட்டுறவன் நீதானே?"

உண்மைதான். கொழும்பில் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன் நான். கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் நிற்பேன், உள்ளே போகமாட்டேன். சகுனம் என்று யாராவது வாய் திறந்தால் அன்றைக்கு அவர்பாடு முடிந்தது. ஆனால் சனிக்கிழமை போகிறவர் துணைக்கு ஆள் தேடுவார் என்றும், அதற்காகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள் என்றும் சின்ன வயதில் கேட்டது எங்கே போகும்? அந்த முப்பது பேரிடமும் கோழிக்குஞ்சு இருந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தரை. வெள்ளை மேலங்கி போட்ட ஒருவர் காரைச் சோதித்தார். வார்ப்பட்டிகளை இழுத்துப் பார்த்தார், இருக்கைக்குக் கீழே டோர்ச் அடித்தார். காருக்குள் ஓர் ஆணிகூடக் கழன்று கிடக்கக் கூடாதாம். கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"கவிண்டால் பயப்பிடாதை" என்றார் அத்தான். "சிவப்பு லைட் போடுவாங்கள், எல்லாக் காரும் அப்பிடியே நிண்டிடும். நான் கையை வெளியிலை போட்டு ஆட்டுவன். கை வந்தால் ஆள் சுகம்."

"வராட்டி?"

"வரும், வரும். நீ போய்ச் சிப்ஸ் வாங்கித் தின்."

ஆறேகால். ஒரு டொலர் இருபது சதத்துக்கு வாங்கிய சிப்ஸ் கையில் ஆறிப்போயிருந்தது. அத்தான் தலைக்கவசம் எடுக்கப் போயிருந்தார். கொலின் யாரோடோ பியர் குடித்துக்கொண்டு நின்றார். காருக்குப் பக்கத்தில் நான் மட்டும். பாட்டு நின்றுவிட்டது, ஆட்கள் போகவில்லை. குழியைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. புதுக் கார் வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசிக்கிறோமே, அதைச் செய்துவிட்டால் என்ன? ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. குனிந்து முன்சக்கரத்தடியில் வைக்கப் போனேன்.

"ஏய்!" என்று பின்னால் ஒரு குரல். வெள்ளை மேலங்கிக்காரர்.

திருடன் மாதிரி நிமிர்ந்தேன். பழம் கையில். என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணாடியில்லாத ஜன்னலுக்குள்ளால் அதை இருக்கைப் பக்கமாகப் போட்டுவிட்டேன். அவர் வந்து, பார்வையாளர்கள் இங்கே நிற்கக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார். நடக்கும்போது மனதுக்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். சக்கரத்துக்குக் கீழே இருந்தால் என்ன, காருக்குள் இருந்தால் என்ன, காவல் காவல்தானே.

ஆறு ஐம்பது. அந்த ஊர்க் கோடையில் எட்டு மணிவரை வெயில். இருபது கார்கள் ஒன்றாக உறுமிப் புறப்பட்டபோது நான் உட்கார்ந்திருந்த பலகையே நடுங்கியது. சனம் எழுந்து நின்று கத்தியது. ஒரு கூட்டம் ஒன்றாகக் கத்தினால், அதோடு பெற்றோல் மணமும் வந்தால், என் கண் தானாக வெளியேறும் வழியைத் தேடும். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு ஏனென்று சொல்லத் தேவையில்லை.

எல்லாக் கார்களும் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடின. நாலாவது சுற்றுவரை அத்தான் ஒழுங்காக ஓடினார். ஐந்தாவதில், சவக்காலைப் பக்கத்து வளைவுக்கு முன்னால், மற்றக் கார்கள் வேகம் குறைத்தன. நாற்பத்தேழு குறைக்கவில்லை. நேரே போய் முன்னால் போன காரின் சில்லில் ஏறி, மேலே கிளம்பி, தலைகீழாக விழுந்தது.

அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பழம் உருண்டிருக்கிறது. பிரேக் மிதிக்குக் கீழே போயிருக்கிறது. துணைக்கு ஆள் தேடியவருக்கு ஆளைக் கொடுத்தது நான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆயிரக்கணக்கான சனம் வாயை மூடிக்கொண்டது. அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் வேலிக்கு அப்பாலிருந்து மெல்ல அந்தப் பாட்டு எழும்பியது. எப்போது மறுபடி தொடங்கினார்களோ, இரைச்சலுக்குள் பாடிக்கொண்டேதான் இருந்தார்களோ, தெரியாது. தலைகீழாகக் கிடந்த காரின் ஒரு சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அந்த ஜன்னலையே பார்த்தேன். கை வரவில்லை. முருகா, முருகா என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்திலிருந்த பெண் என் தோளில் கை வைத்தாள். இருபதுவரை எண்ணினேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

கை வந்தது. ஒருமுறை ஆடிவிட்டு விழுந்தது, பிறகு நன்றாக ஆடியது. சனம் போட்ட சத்தத்தில் நான் முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

ஏழரை. அத்தானுக்கு உதடு கிழிந்திருந்தது, வேறொன்றுமில்லை. கொலின் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கவிழ்ந்ததில் பிரேக் எண்ணெய் எல்லாம் சிந்திப்போயிருந்தது, குழாய் ஒன்றும் கழன்று தொங்கியது.

"பிரேக் பிடிக்கவில்லையா?"

"பிடிக்கவில்லை" என்றார் அத்தான்.

"பூட்டியது நீதானே?"

"நான்தான். என் பிழை."

கொலின் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. திங்கட்கிழமையிலிருந்து நீ பிரேக்கைத் தொட வேண்டாம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. மங்கரே விமான நிலையத்துக்குப் பத்துக் கிலோமீட்டர். அத்தான்தான் கொண்டுபோய் விட்டார். அவருடைய விரல் நகங்களுக்குள் வெள்ளைத் தூள். மூன்று நாளாகக் கராஜில், வர்ணம் பூசுவதற்காகக் கார்த் தகரம் தேய்க்கிற வேலையாம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன்னோடை ஒண்டு கதைக்கோணும். அக்காட்டைச் சொல்லிப்போடாதை. அண்டைக்குப் பிரேக்குக்குக் கீழை ஒரு தேசிக்காய் கிடந்தது. எங்கட மரத்துக் காய். தலைகீழாத் தொங்கிக்கொண்டு முதல் அதைத் தேடி எடுத்து ஒளிச்சுப்போட்டுத்தான் கையை வெளியிலை போட்டனான்."

நான் பெட்டியின் பிடியை விட்டுவிட்டேன். "அப்ப ஏன் கொலினிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஆர் வச்சதெண்டு கேப்பான். பெஞ்சாதியைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியோ? பாவமடா, கார் வளவிலை நிக்கேக்கை பயத்திலை ஏதோ இடுக்கிலை வச்சிட்டாள், சோதிச்சவன்ரை கண்ணிலையும் படேல்லை. தெரிஞ்சால் செத்துப்போவாள்."

சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. நின்றேன், அவருடைய வெள்ளைத் தூள் படிந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஓம் அத்தான், சொல்லமாட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். விமானம் மேலெழுந்து திரும்பும்போது சாம்பல் சேறும், அதன் கரையில் ஒரு சின்ன வட்டமும் தெரிந்தன. ஒக்லாந்து எனக்கு அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அச்சானதும் ஒரு பிரதி ஒடாஹுஹுவுக்குப் போகும். அத்தான், அக்கா அன்று வளவுக்குள் இறங்கவே இல்லை. அந்தப் பழத்தைப் பிடுங்கியதும் நான், போட்டதும் நான். தயவுசெய்து இதைக் கொலினுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.