ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சர்வர்

மணிவண்ணனுக்கு எதுவும் இரண்டாக இருக்க வேண்டும். வீட்டுச் சாவிக்கு நகல் ஐயம்பேட்டை அத்தையிடம். மூக்குக்கண்ணாடிக்கு நகல் ஆபீஸ் மேஜையில். கல்யாணம் மட்டும் ஒன்றோடு நின்றது. அதற்கு வேறு காரணங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். 2008-இல் அங்கே இருந்தது ஒரே சர்வர். அதற்குள் கூலிக் கணக்கு, டிசைன், விற்பனை என்று மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். அதென்ன என்று கேட்ட செயலாளர் பராங்குசத்துக்கு இப்படி விளக்கினார்:

“ஒரே வீட்ல மூணு குடித்தனம் சார். கதவு தனித்தனி, கூரை ஒண்ணு. கூரை விழுந்துச்சுன்னா மூணும் தெருவுல. வேற ஊர்ல ஒரு வீடு பாத்து வெச்சுக்கினா நல்லது.”

“வீடெல்லாம் பாரு. காசு மட்டும் கேக்காதே.”

ஒதுக்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டி, ஒன்று செத்தால் மற்றது தாங்கும்படி இரண்டு ஹார்ட் டிஸ்க், இலவச மென்பொருள். இவ்வளவுதான் புது வீடு. அது பக்கத்து ஊரான ஐயம்பேட்டையில், அத்தை அன்னம்மாள் வீட்டுப் பலகையில், தையல் மெஷினுக்கு மேலே, சிலுவைக்குப் பக்கத்தில் ஏறியது. முதல் முழு நகலை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். பிறகு அன்றன்று மாறியது மட்டும் பிராட்பேண்டில் ஊர்ந்து போய்ச் சேரும். இரண்டு பெட்டியும் ஒருநாளும் ஒரே கூரைக்குக் கீழே வரக் கூடாது என்று சங்கத்தில் எல்லாருக்கும் சொல்லிவைத்தார்.

ஆயுத பூஜை வந்தது.

“தறி, தராசு, கத்தரிக்கோல் எல்லாத்துக்கும் பூஜை உண்டு. அந்த ஐயம்பேட்டைப் பெட்டி மட்டும் என்ன பாவம் பண்ணித்து? கொண்டு வா,” என்றார் பராங்குசம்.

“சாயங்காலமே எடுத்துக்கினு பூடறேன் சார்.”

“பூஜைல வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி நகத்தப்படாதுப்பா.”

இரண்டு சர்வரும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலையோடு புது சம்பந்திகள் மாதிரி அக்கம்பக்கம் உட்கார்ந்தன. வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. தீபாவளிக் கூலியும் புது முந்தானை டிசைன்களும், அசலும் நகலுமாக, ஒரே அறையில்.

மற்றவர்கள் பொரிகடலையோடு கிளம்பியதும் மணிவண்ணன் நகல் பெட்டியைத் திறக்கப் போனார். திருப்புளியும் பொட்டு வைத்துக்கொண்டு பூஜையில் இருந்தது. பையிலிருந்த ஐம்பது காசை வைத்தே திருகிக் கழற்றி, டிஸ்க் இரண்டையும் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடையில் வைத்தார். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. பெட்டியை நகர்த்தவில்லையே; சாஸ்திரத்துக்குக் குறைவில்லை.

அன்றிரவு மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. விஜயதசமி காலையில் கதவைத் திறந்தால், ஒழுகிய கூரைக்குக் கீழே இரண்டு பெட்டிகளும் சொட்டச் சொட்ட நின்றன. சர்வர் கண் திறக்கவேயில்லை. பராங்குசம் வெளிறிப் போனார்.

“ரெண்டும் போச்சா? நான்னா கொண்டு வரச் சொன்னேன்!”

மணிவண்ணன் ஐயம்பேட்டைக்குப் போய்க் கூடையோடு திரும்பினார். டிசைன் பிரிவுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டினார். மத்தியானத்துக்குள் கூலிக் கணக்கு எழுந்தது. பின்னாலேயே மற்ற இரண்டும்.

“பூஜைல இருந்த டிஸ்க் எப்படிப்பா நனையலை?”

“பூஜைல இருந்தது வெறும் பெட்டி சார்.” திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்போ டிஸ்க்குக்கு ஒண்ணுமே பண்ணலையா?”

“அத்தை ஜெபம் பண்ணிச்சு சார். நான் சொல்லல, அதுவேதான்.”

பராங்குசம் பொரித் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“பண்ணட்டும். அதுவும் வேற ஊர்லயே இருக்கட்டும்.”