மூன்றாம் மாதத்துப் பட்டியல்

சாலாச்சி எங்கள் அடுப்பில் சாப்பிட்ட மாதங்களில் மட்டும் நான் வாய்க்கு ருசியாக எதுவும் சமைக்கவில்லை. மறதியால் அல்ல. உட்கார்ந்து யோசித்து, தாளில் எழுதி, கதவில் மாட்டி வைத்துக்கொண்டு அதைச் செய்தேன்.

இதோ, சொல்லிவிட்டேன்!

"இவ்வளவுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். பட்டினி போட்டாயா என்றால், இல்லை. மூன்று வேளையும் தட்டு நிறையத்தான் போட்டேன். யாரும் என்மேல் ஒரு குறை சொல்லிவிட முடியாது... அப்படி யாரும் சொல்ல முடியாதபடி செய்தேனே, அதுதான் இத்தனை வருஷமாக என்னை அரிக்கிறது.

எங்கள் வீட்டு ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரே வீடு, நடு முற்றமும் சுற்றி அறைகளுமாக ஒரே வளவு, ஆனால் அடுப்பு மூன்று. எங்களவர்களில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைத்து' விடுவார்கள். சண்டை சச்சரவால் அல்ல, வழக்கமே அப்படி. நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்துதான் நடக்கும். ஆனால் அரிசி வேறு, புளி வேறு, உப்புக்கூட வேறு. மூத்தவர் வீட்டில் தெய்வானை ஆச்சி, நடுவில் நான், கடைசியில் உமையாள். மூன்று ஓரகத்திகள், முற்றத்தைச் சுற்றி மூன்று சமையல்கட்டு.

விசாலாட்சி ஆச்சி என்பதைச் சுருக்கித்தான் சாலாச்சி. என் மாமனாரின் தம்பி மனைவி. அவருடைய வீட்டுக்காரர் ரங்கோனிலேயே காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை. சுவீகாரம் எடுத்துக்கொள்ளச் சொல்லி முன்பு ஆளாளுக்கு வந்து கேட்டவர்கள், பர்மாவில் இருந்தது எல்லாம் போயிற்று என்று தெரிந்ததும் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

அதைச் சாலாச்சியே சிரித்துக்கொண்டு சொல்வார். "ரங்கோன் கடை இருந்தப்ப எனக்கு மகனா வாரதுக்கு ஏழு பேரு நின்னாக. கடை போனப்பறம் ஏழு பேருக்கும் அவுகவுக ஆத்தா ஞாபகம் வந்துருச்சு!"

எனக்கு ஜனங்கள் பேசுகிற பேச்சென்றால் உயிர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மளிகைப் பொட்டலம் பிரித்த தாளையும், வளவில் உட்கார்ந்து பேசுகிற பெண்களின் வாயையும் பார்த்துப் படித்தவள். சாலாச்சி சொன்னது ஒவ்வொன்றும் இன்றைக்கும் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. அவர் பேச்சை அவ்வளவு ஆசையாக வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு என்ன கொடுத்தேன்?

அறுபதுகளின் நடுவில், சொத்து என்று சொல்லிக்கொள்ள அவருக்குச் சீர்ச் சாமான்களைத் தவிர ஒன்றும் இல்லாமல் போனபோது, அண்ணன் தம்பி மூவரும் கூடிப் பேசினார்கள். ஆச்சி ஒரு மாதம் ஒரு அடுப்பில் சாப்பிடட்டும் என்று முடிவாயிற்று. மாதம் பிறந்தால் தம் எவர்சில்வர் தட்டையும் செம்பையும் எடுத்துக்கொண்டு அவர் முற்றத்தைக் கடந்து அடுத்த வீட்டுக்கு வருவார்.

"நம்ம ரயிலு அடுத்த ஸ்டேஷனுக்கு வந்துருச்சு ஆத்தா! இன்னைக்கு என்ன சமையல்?"

முதல் நாள் காலையில் அப்படித்தான் கேட்பார். குழந்தை கேட்பதுபோல முகம் மலர்ந்து கேட்பார்.

அந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது! சாலாச்சி என்றில்லை, யார் கேட்டாலும் ஆகாது. என் வீட்டுக்காரர் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. காலைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்று பிள்ளைகள். விடிந்ததும் "என்ன சமைக்கிறது" என்ற எண்ணமே மண்டையில் ஆணி அடிக்கும். அரிசி கிடைப்பதே அரிதாக இருந்த காலம். பெரிய வீட்டுக்காரர்கள் என்று ஊரார் நினைக்க, உள்ளே பருப்பு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கடலைப்பருப்பு மடித்து வந்த தாளில் அதைப் படித்தேன். வாரத்துக்கான சமையலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் செலவும் குறையும், மனக் கவலையும் குறையும் என்று போட்டிருந்தது. யாரோ புண்ணியவதி எழுதியிருந்தாள்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். சந்தைக்குப் போய்வந்த முதல் இரண்டு நாள் கீரை. அடுத்து வெண்டைக்காய், கத்தரிக்காய். வாரக் கடைசிக்குத் தாங்குவது பூசணியும் சேனையும். காய் தீர்ந்த நாளில் வற்றல் குழம்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளைப் பணியாரம். சாமான் அறைக் கதவின் உட்புறம் ஓர் ஆணியில் மாட்டினேன்.

நம்பமாட்டீர்கள், எங்கள் வீடே மாறிவிட்டது! அழுகி வீசுகிற காய் இல்லை. அவசரத்துக்குக் கடைக்கு ஓடுவது இல்லை. "என்ன மீனா, இப்பல்லாம் காலையில எரிஞ்சு விழுகிறதில்லையே! உடம்புக்கு எதுவும் சரியில்லையா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். மாதக் கடைசியில் டப்பாவில் பருப்பு மிச்சம் இருந்தது. அதைத் திறந்து திறந்து பார்த்துப் பூரித்துப்போனேன்.

ஆனால் பட்டியல் ஐந்து பேருக்குப் போட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆறாவது தட்டு வந்தது.

ஒரு தட்டுத்தானே! வயதானவர் எவ்வளவு சாப்பிட்டுவிடப் போகிறார்? ஆனாலும் திட்டம் கலைகிறதே என்று எனக்கு எரிச்சல். அப்போது ஒரு யோசனை வந்தது... எண்ணெய்ச் சட்டி வைக்கிற நாள், தேங்காய் அரைக்கிற நாள், நெய் உருக்குகிற நாள், எல்லாவற்றையும் மற்ற இரண்டு மாதங்களுக்குத் தள்ளிவிட்டால்?

இரண்டாவது தாள் எழுதினேன். கேப்பைக் களி. வெந்தயக் குழம்பு. அரிசி கழுவிய தண்ணீரில் கிடைத்த காயைப் போட்டு ஒரு மண்டி. கஞ்சி, துவையல். மறுபடியும் களி. அந்த மாதம் வந்தால் முதல் தாளின்மேல் இதை மாட்டுவேன். என் பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிட்டார்கள், வீட்டுக்காரரும் அதைத்தான் சாப்பிட்டார். பாரபட்சம் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் என் பிள்ளைகளுக்கு அது ஒரு மாதம். மாதம் முடிந்தால் பணியாரம் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

என் பட்டியலின் புகழ் பரவியது. தெய்வானை ஆச்சி வந்து, "என்னடி இது, பரீட்சைக்குப் படிக்கிறவ மாதிரி கதவுல எழுதி வச்சிருக்கே! எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றார். உமையாளும் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். இரண்டு தாளையும் கொடுத்தேன். "ஆச்சி வர்ற மாசத்துக்குன்னு தனியா ஒண்ணு போட்டிருக்கேன், அதையும் வச்சுக்கங்க" என்று நானாகவே சொன்னேன்! அவர்கள் கேட்கவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்றாவது மாதம் என்றால், சாலாச்சிக்கு?

எல்லா மாதமும்தான்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒருநாள் களியை உருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "அதிசயமா இருக்குடி மீனா. அடுப்பு மூணு, கை மூணு, ருசி மட்டும் ஒண்ணா இருக்கு. ஒரே ஆத்தா வயித்துல பிறந்தவுக மாதிரி சமைக்கிறீகளே!"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு மாறி வந்த நாளில் அவர் சமையல் என்ன என்று கேட்கவில்லை. பிறகு எப்போதும் கேட்கவில்லை. எனக்குப் பிடிக்காத கேள்வி அல்லவா? நின்றுபோனதே என்று நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும்...

ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். முடியாது. அதையும் கேளுங்கள்.

அதற்கு முந்திய நாள்தான் அவர் என் முறை முடிந்து உமையாள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் முதல் தாளை மேலே மாட்டிவிட்டு, சாயங்காலம் எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். வெள்ளைப் பணியாரத்தில் சாலாச்சிக்கு மிஞ்சிய கை எங்கள் தெருவிலேயே கிடையாது. அவருக்கு உயிரும் அதுதான். முற்றத்துக்கு அந்தப் பக்கம், உமையாள் வீட்டு வாசலில் கஞ்சித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. அதை எந்தக் கதவில் அடைக்க?

அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "மீனா! மாவு சித்தெ தண்ணியாயிருச்சு போல. எண்ணெயில விழுகிற சத்தமே சொல்லுது. ஒரு கை பச்சரிசி மாவு தூவிக் கலக்கு."

"இல்லை ஆச்சி, சரியாத்தான் இருக்கு" என்றேன்.

தண்ணீராகத்தான் இருந்தது. அவர் சொன்னபடி மாவு தூவினேன். அடுத்த பணியாரம் பூப்போல உப்பி வந்தது.

ஒன்று... ஒரே ஒன்று, ஒரு கிண்ணியில் போட்டு முற்றத்தைத் தாண்டிக் கொடுத்திருக்கலாம். பத்து அடிகூட இராது. விசேஷமாக எது செய்தாலும் அடுத்த அடுப்புக்கு ஒரு கிண்ணி போவது எங்கள் வீட்டில் காலங்காலமாக உள்ளதுதான். அவருக்குக் கொடுத்தால் அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும், பட்டியலில் அதற்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போட்டேன்.

அவர் தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

தை பிறந்ததும் சாலாச்சி மூத்தவரிடம் போனார். "எனக்கும் ஒரு அடுப்புப் போட்டுக் குடுங்கப்பா. கை காலு நல்லாத்தான இருக்கு. நாம்பாட்டுக்குக் காச்சிக் குடிச்சுக்கிறேன்" என்றார்.

யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. எங்களவர்களில் வயதான பெண்கள் தனியாகச் சமைத்துக்கொள்வது சாதாரணம். "இந்த வயசிலயும் யாருக்கும் பாரமாயிருக்கக் கூடாதுன்னு நினைக்கிறாக பாரு" என்று ஊரே மெச்சியது. என் வீட்டுக்காரரும் மெச்சினார். நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அடுப்புக்கு அரிசி எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் ஆத்தா வீட்டார் கொடுத்த சீர்ச் சாமானிலிருந்து. பேர் வெட்டிய வெண்கலப் பானை, பித்தளை அண்டா, குத்துவிளக்கு... எங்கள் பெண்கள் உயிர் போனாலும் விற்க மாட்டார்கள். பாத்திரக்காரர் தராசைக் கொண்டுவந்து வளவிலேயே எடை போட்டார். ஆச்சியின் பெயர் வெட்டிய பக்கம் மேலே தெரிய ஒரு பானை தட்டில் உட்கார்ந்தது. "பேருக்கும் சேத்துத்தான நிறுக்கிறீக? அது நல்ல கனம்!" என்று அவரிடமும் கேலி பேசினார் சாலாச்சி.

முதல் வெள்ளிக்கிழமை, தம் புது அடுப்பில் வெள்ளைப் பணியாரம் சுட்டார். மூன்று வீட்டுக்கும் மூன்று கிண்ணி. பிள்ளைகளை ஏவாமல் அவரே கொண்டுவந்தார்.

"சூட்டோட தின்னு மீனா. நீ உளுந்தைத் தலைதட்டிப் போடுறே, நான் பாத்திருக்கேன். அரிசியைத் தலைதட்டி அளந்துக்க. அதுமேல உளுந்து கோபுரமா நிக்கணும். அப்பத்தான் மெத்துன்னு வரும்."

"ஆச்சி..." என்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாய் திறந்தேன். சாமி சத்தியமாக! ஆனால் அவர் பார்வை என்னைத் தாண்டி, திறந்து கிடந்த சாமான் அறைக் கதவுக்குப் போனது. இரண்டு தாளும் அங்கேதான் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று, அடித்தாளின் எழுத்தும் தெரிகிறபடி விலகி. அவருக்குத் தமிழ் வாசிக்க நன்றாகத் தெரியும். ரங்கோனுக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதியவர்.

"ஆறிப்போகும், தின்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

தின்றேன். அழுதுகொண்டு தின்றேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. நன்றாக இருந்தது, தின்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதியும் பிரயோசனமில்லை. ஓரகத்திகளுக்கு அந்த இரண்டாவது தாளை ஏன் வலியக் கொடுத்தேன்? பெருமைக்காக என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. மற்ற இரண்டு அடுப்பிலும் ஆச்சிக்கு நல்ல சமையல் கிடைத்தால் என் அடுப்பின் கஞ்சத்தனம் பளிச்சென்று தெரிந்துவிடுமே! அந்தப் பயம்தான். மூன்றும் ஒன்றாக இருந்துவிட்டால் நான் ஒருத்தி கெட்டவளாகத் தெரியமாட்டேன் அல்லவா? அதற்காக ஒரு மனுஷியின் பன்னிரண்டு மாதத்தையும் அடைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சாலாச்சி போய்ச் சேர்ந்தார். அந்த அடுப்பு ஐந்து வருஷம் எரிந்தது. கடைசியாக விற்றது குத்துவிளக்கு.

முதல் வருஷத் திவசத்துக்கு மூன்று வீடும் சேர்ந்து சமைத்தோம். "மீனா இருக்கையில என்ன கவலை? அவதான் பட்டியல் போடுறதுல கெட்டிக்காரி" என்று என்னிடமே தாளைக் கொடுத்தார்கள். முதல் வரியில் வெள்ளைப் பணியாரம் என்று எழுதினேன். அடுத்து இடியாப்பம், கோசுமல்லி, தேங்காய் அரைத்த கூட்டு, நெய் விட்ட பருப்பு... நிறுத்தாமல் எழுதினேன். உளுந்தைக் கோபுரமாக அளந்தேன்.

இலையில் எல்லாம் படைத்து முடிந்ததும் தெய்வானை ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னார்: "ஆச்சிக்கு எது எது பிடிக்கும்னு நம்ம மூணு பேருல மீனாவுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஆமாம்... எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரியாமலா ஆச்சி மாதத்துத் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்திருப்பேன்?