சூட்டுப்பெட்டியின் கீழ்த்தட்டு

டிக்கோயாவிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் நான் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். ஒரு வளைவு திரும்பியதும் டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே பச்சைத் தகரக் கூரை ஒன்று தெரியும். கண்ணிமைக்கும் நேரம்தான். மழைக்காலத்தில் அதுவும் தெரியாது, மூடுபனி மூடிக்கொள்ளும். தெரியாவிட்டாலும் அந்த இடம் வந்ததும் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது.

அந்தக் கூரைக்குக் கீழேதான் ஆய்வுகூடம் இருந்தது. முழங்கால் நோவு வந்து, மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாமல் போன பிறகு, அங்கே கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டேன். கழுவுகிற வேலை எனக்குப் பொருத்தமாக இருந்தது, கண்ணாடியோடு பேச வேண்டியதில்லை. குளிர்காலக் காலையில், கழுவியதை அவித்தெடுக்கும் ஆவிப் பெட்டியைத் திறந்து, சூடான போத்தல்களைத் துணியால் பிடித்து எடுக்கும்போது கை விரல்களில் ஏறும் அந்தச் சுகத்தை இப்போது நினைத்தாலும் விரல் தேடுகிறது.

அந்தக் கூடம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. மண்ணைப் பார்க்கிறவர்கள், தேயிலைப் பூச்சியைப் பார்க்கிறவர்கள், தண்ணீரைப் பார்க்கிறவர்கள் என்று மூன்று கூட்டம். மெஷின்கள் எல்லாருக்கும் பொது. அதிலும் சூட்டுப்பெட்டிக்குத்தான் போட்டி அதிகம். அது அலுமாரி போல இருக்கும். உள்ளே எப்போதும் மனித உடம்பின் சூடு. கண்ணுக்குத் தெரியாத கிருமியை ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் வைத்து அதற்குள் விட்டால், மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருந்த மூன்று அடுக்குத் தட்டுகளில் யாருக்கு எந்த நாள், எந்தத் தட்டு என்று சுவரில் ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். ஆனாலும் முதல் நாளே காலித் தட்டத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்து இடம் பிடிக்கிறவர்கள் உண்டு. அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துப் பீலியில், மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் தண்ணீருக்குக் காலி வாளி வைத்து நாங்கள் இடம் பிடிப்பதும் அப்படித்தான்.

இத்தனை பேருக்கும் மேலே தலைவியாக இருந்தவர் ஒரு பெண். ஹட்டன் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. பெரிய படிப்புப் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதால் நாங்கள் டாக்டரம்மா என்போம். அதைக் கேட்டுவிட்டு ஒரு முறை லயத்தில் என் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தவள் அவரிடமே போய் இருமலுக்கு மருந்து கேட்டாள். டாக்டரம்மா கோபிக்கவில்லை. "என்கிட்ட மருந்து இல்லக்கா. ஆனா ஒங்க வீட்டுத் தண்ணியில என்னா இருக்குன்னு சொல்லத் தெரியும்" என்றார்.

அப்படிச் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஓய்கிறதாக இல்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். டாக்டரம்மா ஒரு திட்டம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பெண்கள் ஆய்வுகூடத்துக்கு வர வேண்டும். தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுவந்து, தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

பூச்சிக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பெரிய சார். கண்டிப் பக்கத்துக்காரர், நரைத்த மீசை. அவருக்கு இது பிடிக்கவில்லை. தேநீர் நேரத்தில் என் காதுபடச் சொன்னார்: "மேடம், இது ஆராய்ச்சி பண்ற இடமா, தேர்த் திருவிழாவா?"

"ஒரு ஞாயிறு பாப்போம் சார். உபயோகமா ஒண்ணும் வரல்லன்னா நிப்பாட்டிடுவோம்."

"நிப்பாட்டினா, ஞாயித்துக்கிழமை பெட்டி எங்களுக்கு."

"சரி."

ஒரே ஒரு ஞாயிறு, அதில்தான் எல்லாம் என்று எனக்கு அப்போது புரிந்தது. போத்தல்களைக் கழுவி, ஆவியில் வைத்து எடுத்து, மூடி, லயத்துக்குக் கொண்டுபோனேன். "பீலித் தண்ணி கொஞ்சம் இதுல எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று வீட்டு வாசல்களில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, மேல் லயத்து அக்கா கூட வந்தாள். கொழுந்து மலையில் அவள் சத்தம் போட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும். நான் முனகியதை எல்லாம் அவள்தான் ஊருக்குச் சொன்னாள்.

ஞாயிறன்று பெண்கள் வந்தார்கள். கோயிலுக்குக் கட்டும் சேலை, தலை நிறையப் பூ. வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, குளிர்ந்த தரையில் கால் கூசி நின்றார்கள்.

"செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க, கண்ணாடித் துண்டு கிடக்கும்" என்றார் டாக்டரம்மா.

"வேணாங்கம்மா, சாமி ரூமு மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி.

"அப்ப ஒரு தேங்காய ஒடைப்பமா?" என்றாள் மேல் லயத்து அக்கா. எல்லாரும் சிரித்ததில் கூச்சம் கலைந்தது. தண்ணீர் தட்டுகளுக்குப் போனது. தட்டுகள் சூட்டுப்பெட்டியின் கீழ்த்தட்டுக்குப் போயின. அடுத்த ஞாயிறு வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். திங்கட்கிழமை டாக்டரம்மா பெட்டியைத் திறக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாத் தட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவர் தட்டுகளைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு பெண்கள் வந்தபோது பெரிய சாரும் வந்திருந்தார். தட்டுகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல தண்ணி கொழும்பிலயும் கெடைக்காது" என்றார். தண்ணீர் நல்லது என்றால் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. டாக்டரம்மாவின் முகம் வாடியது.

மேல் லயத்து அக்காவுக்கு அது ஒன்றும் தெரியாது. தட்டு சுத்தமாக இருப்பதில் அவளுக்குப் பெருமை. "பின்னே சும்மாவா சார்? விடிய முன்ன எந்திரிச்சுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுனதுல்ல!"

டாக்டரம்மா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"காய்ச்சினீங்களா?" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"பின்ன என்னாங்கம்மா? படிச்சவங்க கேட்டு விட்டிருக்காங்க, பச்சத் தண்ணியவா கொண்டாந்து குடுப்பாங்க? வெளியாளுக்குக் குடுக்கிற தண்ணிய நாங்க காய்ச்சாமக் குடுத்ததே இல்ல. இந்தா நிக்கிறாளே, இவ இஞ்சிகூடத் தட்டிப் போட்டா!"

இஞ்சி போட்டவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் வீட்டுப் போத்தலில் போனதும் காய்ச்சின தண்ணீர்தான். அதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மா சிரிக்கத் தொடங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரிய சார் சிரிக்கவில்லை.

"இதத்தான் நான் சொன்னது மேடம். வேலை தெரியாதவங்கள உள்ள எடுத்தா இப்படித்தான்."

"தப்பு எங்க மேல சார். கொண்டுவாங்கன்னு சொன்னோம், ஏன்னு சொல்லல்லயே. இன்னும் ஒரு ஞாயிறு குடுங்க."

"வார ஞாயிறு எங்களுக்குன்னு பலகையில எழுதியாச்சு. பேச்சு பேச்சுத்தானே?"

அது நியாயம்தான். நான் கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கழுவி வைத்ததையே மறுபடி கழுவினேன். அப்போது மேல் லயத்து அக்காவின் குரல் கேட்டது. வழக்கமான சத்தம் அதில் இல்லை.

"சார், ஒண்ணு கேக்கவா? எங்க பீலியில வாளி வரிசை பெருசா நிக்கும். சண்டையும் நடக்கும், மயிரப் புடிச்சுக்கிட்டு. ஆனா நோவுக்காரப் புள்ள இருக்கிற வீட்டு வாளி வந்தா முன்னுக்கு விட்டுருவோம். ஒங்க பெட்டியில அப்பிடி விடுறதில்லீங்களா?"

பெரிய சார் அவளையே பார்த்தார். பிறகு மீசையைத் தடவினார். "எந்தப் புள்ளைக்கு நோவு?" என்று கேட்டார். பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். கேட்டு முடித்ததும், "கீழ்த்தட்டு மட்டும். மேல் ரெண்டும் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் டாக்டரம்மாவே லயத்துக்கு வந்தார். வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து, எதைத் தேடுகிறோம், காய்ச்சினால் அது ஏன் செத்துப்போகிறது என்று பொறுமையாகச் சொன்னார். ஞாயிறு காலை பெண்கள் பீலியடியில் போத்தலைப் பிடித்தார்கள். பச்சைத் தண்ணீரை அப்படியே மூடி அவர் கையில் கொடுக்க மேல் லயத்து அக்காவுக்கு மனம் வரவில்லை.

"அம்மா, இத நீங்க குடிக்கமாட்டீங்கதானே?"

"சத்தியமாக் குடிக்கமாட்டேன்."

"பொறவு எங்கள ஏசப்படாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது தட்டுகளில் ரவையை வாரி இறைத்த மாதிரிப் புள்ளிகள். அதற்கடுத்த ஞாயிறு பெண்கள் வந்து பார்த்தார்கள். யாரும் பகடி பேசவில்லை. "பெரியவங்க நாம தேத்தண்ணியாக் குடிக்கிறோம்" என்றாள் இஞ்சிக்காரி. "பள்ளிக்கூடம் விட்டு வார புள்ளைங்க பீலியில வாய வச்சுல்ல குடிக்குதுங்க." அவ்வளவுதான், எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அன்றைக்கே எல்லாருமாகச் சேர்ந்து, மலைமேல் மூடியில்லாமல் கிடந்த தொட்டியைப் பற்றித் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசப் போவதென்று முடிவெடுத்தார்கள். முன்னால் நடக்க மேல் லயத்து அக்காவை வைத்தார்கள். தொட்டிக்கு மூடி வரச் சில மாதம் ஆனது, ஆனால் வந்தது. காய்ச்சின தண்ணீரைப் போத்தலில் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவது மட்டும் மறுநாளே தொடங்கிவிட்டது.

அந்த ஞாயிறு எல்லாரும் போன பிறகு நான் கூடத்தைக் கூட்டினேன். சூட்டுப்பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் கீழ்த்தட்டில் ஒரு காலிப் போத்தல் நின்றது. பலகையில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. பீலியில் வாளி வைக்கிற மாதிரி, அடுத்த ஞாயிற்றுக்கு யாரோ இடம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விளக்குமாற்றோடு நின்றேன். அந்நேரம் பெரிய சார் கையில் தட்டத்தோடு வந்தார். கதவைத் திறந்து குனிந்தார். போத்தலைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

போத்தலை அவர் நகர்த்தவில்லை. தன் தட்டத்தை மேல்தட்டில் நெருக்கிப் பிடித்து நுழைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு வட்டகொடையிலிருந்தும் றொசல்லையிலிருந்தும்கூடப் பெண்கள் வந்தார்கள். ரயிலில் வந்து, பஸ் ஏறி. மேல் லயத்து அக்காதான் அவர்களுக்கு முதலில் சொல்வாள்: "அம்மா நம்ம வீட்டு விருந்தாளி இல்ல, காய்ச்சிக் கொண்டாந்துறாதீங்க!" நான் வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். அதைச் சொல்வதற்கு மட்டும் எனக்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது.

இப்போது டாக்டரம்மா கண்டியில் இருக்கிறார். மேல் லயத்து அக்கா தன் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டாள். எனக்கு முழங்கால் இன்னும் மோசம். போன மாதம் பஸ்ஸில் அந்த வளைவைத் தாண்டும்போது பனி விலகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. எதிரே வந்த லொறிக்கு வழிவிட்டு பஸ் நின்றதில் பச்சைக் கூரையின் வாசலும் தெரிந்தது. போட்டுக்கொண்டே வாங்க என்று சொல்ல இப்போது ஆளில்லை போலிருக்கிறது, படியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.